ஊர் மாடுகளுக்கெல்லாம் ஒரே தகப்பன்! காங்கயம் இளங்காளையைப் பார்த்து எடுப்பது எப்படி?

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று போடும். சில பசுக்கள் அதுவும் போடுவது இல்லை. ஆயுள் முழுவதும் கணக்குப் பார்த்தாலும் ஒரு பசுவுக்கு எட்டு, பத்து கன்றுகள்தான்.

ஆனால் பொலிகாளை அப்படி அல்ல. நல்ல உடம்புள்ள ஒரு காளை, ஓர் ஆண்டில் 50, 60 பசுக்களைச் சினைப்படுத்தும். அத்தனை கன்றுகளுக்கும் அது ஒன்றே தகப்பன்!

பசு சரியில்லை என்றால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். காளை சரியில்லை என்றால் ஊருக்கே நஷ்டம்.

காளையின் கால் கோணல் என்றால், நான்கு ஆண்டு கழித்து ஊர் உழவு மாடுகளிலும் அந்தக் கோணல் தெரியத் தொடங்கும். காளை நல்ல வர்க்கம் என்றால், ஏழை வீட்டுக் கொட்டகையிலும் நல்ல கன்று துள்ளும்.

ஆகவே, பொலிகாளைக்கு என்று இளங்காளை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய காரியம் அது.

எதைப் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? கொங்கு நாட்டின் பெருமையான காங்கயம் காளையை எடுத்துக்கொண்டு, தலை முதல் வால் வரை பார்க்கலாம்.

பிறந்த மண்

காங்கயம் நகரம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கமெல்லாம் வறண்ட பூமி. மழை குறைவு. மண்ணில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

இங்கே உள்ள மேய்ச்சல் காட்டுக்குக் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். இந்தக் காட்டில் மேய்ந்து வளர்ந்த மாடுதான் காங்கயம் மாடு.

கொஞ்சம் தீனி தின்னும். நிறைய வேலை செய்யும். வெயிலுக்கு அஞ்சாது. கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் பாரம் இழுக்கும்.

பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தது. வெள்ளைக்கார அதிகாரிகளும் இந்த மாட்டைப் பற்றி எழுதி வைத்தார்கள். கன் என்பவர் 1909-ல் எழுதினார். லிட்டில்வுட் என்பவர் 1936-ல் எழுதினார்.

பொலிகாளையைக் கொங்கு நாட்டு மக்கள் 'பூச்சிக்காளை' என்று சொல்வார்கள்.

நல்லது சந்தைக்கு! மிச்சம் ஊருக்கு!

இன்று இந்த இனம் குறைந்துவிட்டது. கிணற்றில் கவலை இறைக்க மாடு வேண்டியிருந்தது. மோட்டார் பம்பு வந்தது, கவலை போயிற்று. உழுவதற்கு டிராக்டர் வந்தது. பாரம் ஏற்ற லாரி வந்தது. பால் கறக்கக் கலப்பினப் பசு வந்தது.

இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம் இன்னொன்று இருக்கிறது.

ஒரு வீட்டில் மூன்று காளைக்கன்றுகள் நிற்கின்றன. ஒன்று மிகவும் அழகு. வியாபாரி வருகிறார். எந்தக் கன்றைக் கேட்பார்? அழகான கன்றைத்தான் கேட்பார்! கை நிறையப் பணம் கொடுத்து வாங்கிப் போவார். அது வண்டிக்குப் போகும். ரேக்ளாப் பந்தயத்துக்குப் போகும். உழவுக்கும் வண்டிக்கும் போன காளைக்குக் காயடித்து விடுவார்கள். அதோடு அதன் வம்சம் நின்றது.

இரண்டாவது கன்று வீட்டு உழவுக்கு. அதற்கும் காயடிப்பு.

மூன்றாவது கன்று யாரும் கேட்காத கன்று. அது கட்டுத்தறியில் சும்மா நிற்கும். பக்கத்து வீட்டுப் பசு பருவத்துக்கு வந்தால், ஓட்டி வந்து அதனிடம்தான் விடுவார்கள்!

ஆக, நல்லவை எல்லாம் வாரிசு இல்லாமல் போகின்றன. ஒன்றுக்கும் ஆகாதது தகப்பன் ஆகிறது. இப்படிப் பத்து ஆண்டு நடந்தால் எந்த இனம்தான் தாங்கும்?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். நல்ல கன்றாகப் பார்த்துக் கோயிலுக்கு நேர்ந்து விட்டார்கள். கோயில் காளையை யாரும் கட்டிப் போடுவது இல்லை, விற்பதும் இல்லை. ஊர்ப் பசுக்களுக்கு அதுவே துணை. பக்தியோடு பக்தியாக, நல்ல வித்தும் ஊரில் தங்கியது.

முதலில் வாயைத் திற!

இனி, காளையைப் பார்ப்போம்.

முதலில் வயது. வயதை விற்பவர் சொல்லுவார். ஆனால் பல் பொய் சொல்லாது.

மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. கெட்டியான ஈறு மட்டும்தான். கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் இருக்கும். கன்றுக்கு இருப்பவை பால்பற்கள். சின்னதாக, ஒடுக்கமாக இருக்கும். அவை விழுந்து, அகலமான நிலைப்பற்கள் ஜோடி ஜோடியாக முளைக்கும்.

நடுவில் உள்ள முதல் ஜோடி, சுமார் 2 முதல் 2½ வயதில் வரும். அது 'இரண்டு பல்' மாடு.

மூன்று வயது அளவில் அடுத்த ஜோடி. அது 'நான்கு பல்'.

மூன்றரை வயது அளவில் 'ஆறு பல்'. நான்கு, நாலரை வயதில் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். தீனியைப் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் ஆகலாம்.

பொலிகாளைக்கு வாங்க ஏற்றது இரண்டு பல் பருவம். அதற்கு முன் வாங்கினால் உடம்பு எப்படித் திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பின் வாங்கினால், பயன்படும் காலம் குறைந்துவிடும்.

பல்லைப் பார்க்கும்போதே தாடையையும் பார்த்துவிட வேண்டும். கீழ்ப்பற்கள் மேல் ஈற்றில் சரியாகப் பொருந்த வேண்டும். தாடை முன்னே நீண்டிருந்தாலும், பின்னே ஒடுங்கியிருந்தாலும் கூடாது. அந்த மாடு புல்லை ஒட்டக் கடிக்க முடியாது. இந்தக் குறை பரம்பரையாகக் கன்றுக்கும் வரக்கூடியது.

பத்தடி தள்ளி நில்!

பல் பார்த்தாயிற்று. உடனே உடம்பைத் தொடக் கூடாது. பத்தடி தள்ளி நின்று, பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

முதல் பார்வையிலேயே அது ஆண் என்று தெரிய வேண்டும். பருத்த கழுத்து, கெட்டியான தோள், எழும்பிய திமில், கம்பீரமான தலை. இவை ஆண்மையின் அடையாளம். இரண்டு வயது கடந்தும் பசுவைப் போல ஒல்லிக் கழுத்தும் மெல்லிய முகமும் இருந்தால் யோசிக்க வேண்டும். உடம்பில் ஆண் சுரப்பு நீர் போதவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம்.

காங்கயம் காளைக்கு உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கும். கால்கள் குட்டையாக, கெட்டியாக இருக்கும். நெற்றி அகலம். காது சிறியது, நுனி கூர்மையாக, விறைப்பாக நிற்கும். கண் பெரியது, கருமையானது. கண்ணைச் சுற்றி மை இட்டது போலக் கறுப்பு வளையம்.

கொம்பு விலகி எழுந்து, பின்பக்கம் லேசாக வளைந்து போகும். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி மெல்லியது. அது நெஞ்செலும்போடு நின்றுவிடும். அலைதாடி மிகப் பெரிதாக, கனமாகத் தொங்கினால் வேறு இனத்தின் கலப்பு இருக்கலாம்.

மூக்குத் துவாரம் அகலமாக இருக்க வேண்டும். காற்று தாராளமாகப் போகும் மாடுதான் தூரம் நடக்கும்.

நெஞ்சும் முதுகும்

அடுத்து நெஞ்சு. இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். கால்கள் இரண்டும் ஒரே துளையிலிருந்து வந்தவை போல நெருங்கி நின்றால், நெஞ்சு ஒடுங்கியது என்று பொருள். நெஞ்சுக் கூட்டுக்குள்ளேதான் இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. வீடு சிறியதாக இருந்தால் குடியிருப்பவர் எப்படி வளர்வார்?

விலா எலும்புகள் பீப்பாயின் பக்கம் போல வளைந்து வெளியே வர வேண்டும். தட்டையாக இருக்கக் கூடாது.

முதுகு நேராக இருக்க வேண்டும். திமிலுக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தால் முதுகு வலுவில்லை. பசுவின் மேல் ஏறும்போது முழு உடம்பின் பாரத்தையும் தாங்குவது முதுகும் பின்னங்காலும்தான்.

பின்பாகம் அகலமாக இருக்க வேண்டும். காளைதானே, பின்பாகம் ஒடுக்கமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். காளை கன்று போடாது; உண்மை. ஆனால் அதன் மகள்கள் போடும்! தகப்பனின் ஒடுங்கிய இடுப்பு மகளுக்கும் வந்தால், கன்று பிறக்கும்போது தாயும் கன்றும் திண்டாடும்.

நடக்க விட்டுப் பார்!

இப்போது கால்கள். காளை வாங்கி ஏமாந்தவர்களில் பலர் காலைப் பார்க்காமல் ஏமாந்தவர்களே.

சந்தையில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"மாமா, கன்னு நல்லாத் தளதளன்னு இருக்குதுங்க. வெலையப் பேசீரலாமுங்களா?"

"பொறு மாப்பிளே! நிக்கறதப் பாத்து மாடு வாங்கப்படாது. நடக்கறதப் பாத்து வாங்கோணும்."

பெரியவர் சொல்வது சரி. முதலில் நிற்க வைத்துப் பார்த்து, பிறகு நடக்க விட வேண்டும்.

முன்னால் நின்று பார்த்தால், முன்னங்கால்கள் இரண்டும் தூண்கள் போல நேராக இறங்க வேண்டும். முட்டி உள்ளே ஒட்டக் கூடாது. வெளியே வளையவும் கூடாது.

பக்கத்தில் நின்று பின்னங்காலைப் பார்க்க வேண்டும். வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கயிறு பின்னங்கால் முட்டியின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு கீழே போக வேண்டும்.

கால் அரிவாள் போல முன்னால் வளைந்திருந்தால் முட்டிக்குப் பாரம் அதிகம், சீக்கிரம் தளர்ந்துவிடும். மாறாக, கால் கம்பம் போல வளைவே இல்லாமல் இருந்தாலும் ஆபத்து. அடி வைக்கும் அதிர்ச்சியைத் தாங்க வளைவு வேண்டும். வளைவு இல்லாத காலில் முட்டி வீங்கும். வலி வந்த காளை பசுவின் மேல் ஏறாது.

பின்னால் நின்றும் பார்க்க வேண்டும். பின்னங்கால் முட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, குளம்புகள் வெளியே திரும்பி இருந்தால் அந்தக் காளை வேண்டாம்.

குளம்பின் இரண்டு பிளவுகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு, மற்றொன்றின் மேல் சுருண்டு ஏறினால் கூடாது. காங்கயம் மாட்டின் குளம்பு கெட்டியானது.

பிறகு, கெட்டித் தரையில் நடக்க விட வேண்டும். மணலில் நடந்தால் நொண்டுவது தெரியாது. நேராகப் போகட்டும், திரும்பட்டும். முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்காலும் பதிய வேண்டும். பின்னங்கால் எட்டாமல் குறைவாக விழுந்தால், எங்கோ வலி இருக்கிறது. அல்லது கட்டமைப்பில் குறை இருக்கிறது.

கூச்சம் வேண்டாம்!

அடுத்தது விதைப்பை. சிலர் இதைப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். காளை வாங்குவதே இதற்காகத்தான். இங்கே கூச்சப்பட்டால் ஆண்டு முழுவதும் வருந்த வேண்டும்.

விதை இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி, மற்றொன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிய காளை எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடாது. அது பரம்பரையாக வரக்கூடிய குறை.

தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, அழுத்தினால் லேசாக நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். கல் போல இறுகியிருந்தாலும், பஞ்சு போலத் தளர்ந்திருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது? மாட்டின் உடம்புச் சூடு சுமார் 38½ டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் நல்ல விந்து உருவாகாது. அதைவிட இரண்டு முதல் ஐந்து டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பை கீழே இறங்கும். குளிரில் மேலே சுருங்கும். இயற்கை வைத்த குளிர்பெட்டி அது!

விற்பனைக்கு என்று அளவுக்கு மீறித் தீனி போட்டால் விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேரும். குளிர்ச்சி குறையும், விந்து கெடும். ஆகவே கொழுத்த காளை நல்ல காளை என்று நினைக்கக் கூடாது.

கால்நடை டாக்டர்கள் விதைப்பையின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். ஒரே வயது, ஒரே இனம், ஒரே தீனியில் வளர்ந்த காளைகளில், சுற்றளவு அதிகம் உள்ளதே மேல். அது அதிக விந்து தரும். அது மட்டும் அல்ல. அப்படிப்பட்ட காளைகளின் மகள்கள் சீக்கிரமாகப் பருவத்துக்கு வருவதும் ஆராய்ச்சியில் தெரிய வந்திருக்கிறது. தகப்பனை அளந்தால் மகளின் குணம் தெரிகிறது!

வயிற்றுக்கு அடியில் சிறுநீர் வரும் இடத்தில் ஒரு தோல் உறை இருக்கும். அது வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். நீளமாகத் தொங்கினால், மேயும்போது முள் குத்தும், புண்ணாகும். புண் வந்த காளை வேலைக்கு உதவாது. காங்கயம் காளைக்கு இந்த உறை ஒட்டியே இருக்கும். முள் காட்டில் மேயும் மாட்டுக்கு அது ஒரு வரம்.

நிறம் மாறும் மாடு

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை நிறம். சுமார் ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறிச் சாம்பல் வெள்ளை ஆகும். இந்த நிறத்துக்கு மயிலை என்று பெயர்.

காளைக்கு வயது ஏற ஏறத் தலை, கழுத்து, திமில், தோள், பின்தொடை எல்லாம் கருக்கும். ஆண் சுரப்பு நீர் செய்யும் வேலை இது. அதனால்தான் காயடித்த எருது அவ்வளவு கருப்பதில்லை. சாம்பல் வெள்ளையாகவே இருக்கும்.

மயிலை, காரி, செவலை என்று பல நிறத்திலும் நல்ல மாடு உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுப்பது, அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவது போன்றது.

சுழி பார்ப்பது

மாடு வாங்கும்போது சுழி பார்ப்பது நம் நாட்டு வழக்கம். உடம்பில் மயிர் சுழித்து நிற்கும் இடமே சுழி. இன்ன சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், இன்ன சுழி ஆகாது என்று சொல்வார்கள். ஆகாத சுழி என்றால் விலை பாதியாகக் குறைந்துவிடும்!

சுழிக்கும் காளையின் வலுவுக்கும், அது தரும் கன்றின் தரத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சியில் நிரூபணம் இல்லை. சுழி சரியில்லை என்று எத்தனையோ நல்ல கன்றுகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. சுழி நன்றாக இருக்கிறது என்று கோணல் கால் காளைகளும் வீட்டுக்கு வந்துவிட்டன.

மனத் திருப்திக்காகச் சுழி பார்க்கலாம். ஆனால் காலைப் பார்த்த பிறகு, விதையைப் பார்த்த பிறகு, கடைசியில் பார்க்க வேண்டும்.

தராசு இல்லாமல் எடை

எடை தெரிய வேண்டுமா? தையல்காரர் நாடா ஒன்று போதும்.

முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து, வாலடி எலும்பு முனை வரை உடம்பின் நீளத்தை அளக்க வேண்டும்.

சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, வந்த தொகையை 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும்.

உதாரணம்: சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம். 60-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,600. அதை 50-ஆல் பெருக்கினால் 1,80,000. அதை 660-ஆல் வகுத்தால் சுமார் 273 கிலோ.

இது உத்தேசக் கணக்குதான். ஆனாலும், விற்பவர் "நானூறு கிலோ இருக்கும்" என்று சொன்னால், உண்மையா என்று பார்த்துக்கொள்ள உதவும்.

சந்தையில் விழிப்பு

சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் பெரிய மாட்டுச் சந்தை கூடும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவிலும் சந்தை உண்டு. மாடுகள் வரிசை வரிசையாக நிற்கும். தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது!

பெரும்பாலான வியாபாரிகள் நாணயமானவர்கள். ஆனாலும் வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும்.

கொம்பைச் சீவி எண்ணெய் தடவினால் வயது குறைவாகத் தெரியும். பல்லைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தண்ணீரும் தீனியும் நிறையக் கொடுத்தால் வயிறு உருண்டு தெரியும். வயிற்றைப் பார்க்காமல் தோளையும் தொடையையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் முன்னங்காலை வைத்து நிறுத்தினால் பின்பாகம் உயர்ந்து தெரியும். சமதரைக்கு ஓட்டி வரச் சொல்ல வேண்டும்.

குணத்தையும் பார்க்க வேண்டும். புது ஆளைக் கண்டு கொஞ்சம் மிரளுவது இயற்கை. கண்டவரை எல்லாம் முட்டப் பாயும் காளை வேண்டாம். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். குணத்திலும் ஒரு பங்கு கன்றுகளுக்கு வரும்.

கண்ணுக்குத் தெரியாதது

உடம்பு எல்லாம் சரி. காளை வாங்கிவிடலாமா? இன்னும் மூன்று விஷயங்கள் பாக்கி.

ஒன்று: தாய். காளையைப் பார்த்துப் பாலைச் சொல்ல முடியாது. காளைக்கு மடி இல்லை. அதன் தாய் எவ்வளவு பால் கறந்தது, எத்தனை கன்று போட்டது, ஆண்டு தவறாமல் சினை பிடித்ததா என்று விசாரிக்க வேண்டும். முடிந்தால் தாயை நேரில் பார்க்க வேண்டும். கன்று பிறந்த வீட்டிலேயே வாங்குவது இதனால்தான் மேல்.

இரண்டு: நோய். புரூசெல்லோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அது வந்தால் பசுக்களுக்குக் கன்று வீசிவிடும். நோய் கண்ட மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதர்களுக்கும் தொற்றும். காச நோயும் அப்படியே. வெளிப் பார்வைக்குக் காளை ஆரோக்கியமாக இருக்கும். உள்ளே கிருமி இருக்கும். சோதனை ஒன்றுதான் வழி. அரசுக் கால்நடை மருத்துவமனை டாக்டரிடம் கேட்டால் வழி சொல்லுவார்.

மூன்று: விந்துச் சோதனை. ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், உயிரணுக்கள் உயிரோடு ஓடுகின்றனவா, உருவம் சரியாக இருக்கிறதா என்று தெரியும். வெளிக் கண்ணுக்குப் பத்துக்குப் பத்து வாங்கும் காளைகூட, இந்தச் சோதனையில் தோற்கலாம்.

காளைக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால், பிறகு இரண்டு மாதம் வரை சினை பிடிப்பது குறையலாம். புது உயிரணு உருவாக அத்தனை நாள் ஆகும். அதற்காக அவசரப்பட்டுக் காளையை விற்றுவிடக் கூடாது. மறுபடி ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு

இளங்காளையை வந்த அன்றே வேலைக்கு விடக் கூடாது. சில வாரங்கள் தனியாகக் கட்டிப் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் அதற்குள் தெரியும். மற்ற மாடுகளுக்கும் பரவாது.

இரண்டரை, மூன்று வயதில் மெதுவாகத் தொடங்கலாம். முதல் ஆண்டில் வாரத்துக்கு ஒன்று, இரண்டு பசுக்கள் போதும். இளங்காளைக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும்.

இன்னொரு முக்கிய விஷயம். மூன்று ஆண்டு கழித்து, அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகளே பருவத்துக்கு வரும். தகப்பனும் மகளும் சேரக் கூடாது. சேர்ந்தால் பிறக்கும் கன்று நோஞ்சானாகலாம். மறைந்திருந்த குறைகள் வெளியே வரும். ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊரோடு காளையை மாற்றிக்கொள்ள வேண்டும். செலவு இல்லாத யோசனை இது. ஒரு காளை இரண்டு ஊருக்கும் பயன்படும்.

செலவை யார் ஏற்பது?

காளை வளர்ப்பது லேசான காரியம் அல்ல. அது பால் தருவது இல்லை. பொலிகாளை என்றால் உழவுக்கும் முழுதாகப் பயன்படாது. தீனி மட்டும் தினமும் வேண்டும். ஒரு சிறு விவசாயி தனியாக எத்தனை நாள் தாங்குவார்?

இப்போது உறைவிந்து இருக்கிறது. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் விந்தைப் பல ஆண்டுகள் காக்கலாம். காளை இறந்த பிறகும் கன்று பிறக்கும்! ஆனால் அந்தக் குழலுக்குள் இருப்பதும் ஏதோ ஒரு காளையின் விந்துதான். அந்தக் காளையும் ஒரு நாள் இளங்காளையாக யாரோ ஒருவரால் பொறுக்கி எடுக்கப்பட்டதுதான். ஊசி வந்தாலும், நல்ல காளையைக் கண்டறியும் கண் வேண்டும்.

ஆகவே பத்து வீடுகள் சேர்ந்து ஒரு காளையை வாங்கலாம். தீனிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பசுவை ஓட்டி வருபவரிடம் ஒரு சிறு தொகை வாங்கலாம். எந்தப் பசு எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இந்தக் கணக்கை எழுதிவிடும். அந்த நோட்டுதான் நாளைக்கு அந்த ஊர் மாடுகளின் ஜாதகம்!

வீட்டில் மூன்று காளைக்கன்று நின்றால், வியாபாரி முதலில் கேட்கும் கன்று எது என்று கவனித்தாலே போதும். ஊரில் நிற்க வேண்டிய கன்று பெரும்பாலும் அதுதான். அதை விற்பதற்கு முன், அந்தப் பத்து வீட்டாரும் ஒரு தடவை கூடிப் பேச வேண்டும்.